மஞ்சள் பூசிப் படுத்தால் அது போட்டோவா?

ஆகஸ்ட் 3, வாசகர் ஒருவர் கேட்டது

"கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கலை சொல்லித்தருகிற ஒரு அம்மா, மஞ்சள் தூளையும் மிளகாய்த் தூளையும் உடம்பெல்லாம் கொட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், அதைப் படம் எடுத்து மாட்டினால் உலகமே கைதட்டுகிறது. எங்கள் பாட்டி தினமும் மஞ்சள் பூசித்தான் குளித்தார், அவரை யாரும் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குக் கூப்பிடவில்லை. கல்யாணப் போட்டோ எடுக்கிற நீங்களே சொல்லுங்கள் அக்கா, இதில் போட்டோகிராபி எங்கே இருக்கிறது?"

ஆகஸ்ட் 3, இரவு

நீங்கள் சொல்வது பெர்னி சேர்ல். 1964இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தவர். அங்கே மைக்கேலிஸ் நுண்கலைப் பள்ளியில் படித்து, பிற்பாடு அங்கேயே ஆசிரியராகி, அதன் இயக்குநராகவும் இருந்தவர். நீங்கள் பார்த்தது 'கலர் மீ' என்கிற வரிசை, 1998இல் தொடங்கியது. ஒரு படத்தில் சிவப்புத் தூள், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பழுப்பு, ஒன்றில் வெள்ளை.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். நாளைக்கு இங்கே டர்பன் பக்கம் டொங்காட்டில் கல்யாணம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். உங்கள் பாட்டியை யாராவது ஒழுங்காகப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 5

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மழை. மணமேடைக்கு மேலே தகரக்கூரை, தாலி கட்டும்போது நாதஸ்வரமே கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தோன்றுவது இது: மசாலா என்பது கப்பலில் வந்த சாமான். கேப் டவுன் ஊரே கீழைத்தேச மசாலாக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள 1652இல் டச்சுக்காரர்கள் போட்ட கடையிலிருந்து வளர்ந்ததுதான். சேர்லின் முன்னோர்களில் ஒருவர் மொரீஷியசிலிருந்து வந்தவர், ஒருவர் சவுதி அரேபியாவிலிருந்து. ஐரோப்பிய வழியும் உண்டு. ஆக, 'இதோ என் முன்னோர் வாசனை' என்று அவர் பெருமையாக எடுத்துப் பூசிக்கொள்கிறார். நம் வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த மாதிரிதான். எனக்கு அந்தப் படங்கள் உடனே பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 6

மேலே எழுதியது பாதி தப்பு. முதலில் சின்னத் தப்பு. மிளகாய்த் தூள் என்று நீங்கள் சொன்னதை நானும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். அது பாப்ரிகா. காரம் அவ்வளவாக இல்லாத மிளகாய் வகை, நிறத்துக்காகப் போடுவது. பழுப்பு என்பது கிராம்புத் தூள், வெள்ளை பட்டாணி மாவு, மஞ்சள் மட்டும் நம் மஞ்சள்தான்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், நேற்று ராத்திரி ஸ்டூடியோவில் நானே செய்து பார்த்தேன். உடம்பு முழுக்க இல்லை, பயப்படாதீர்கள், இடது கை மட்டும், முழங்கையிலிருந்து விரல் வரை. வெள்ளைக் காகிதத்தில் கையை வைத்து மேலே சல்லடையால் சலித்தேன். டர்பன் மிளகாய்த் தூள் எப்படி என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன். பத்து நிமிஷம் குழாயடியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன், மகள் வாசலில் நின்று சிரித்தாள். கிராம்புத் தூள் இன்னொரு விதம், கொஞ்ச நேரத்தில் தோல் சுரீரென்று எரிந்து அப்புறம் மரத்துப்போனது. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது ஏன் என்று கைக்கும் புரிந்தது.

மஞ்சளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், துண்டெல்லாம் சிவப்பு. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் குங்குமமாகிற கதைதான், சோப்புக்கும் அதே குணம். விரல் நகம் நாலு நாளைக்கு இப்படித்தான் இருக்கும், வருகிற வாடிக்கையாளர்கள் நான் நலங்கு முடித்து வந்திருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

இதைச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. ஒருத்தர் முகம் முழுக்கத் தூளை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி, இமை அசையாமல் கிடப்பது சும்மா படுத்துக்கொள்வது இல்லை. மூக்கோரத்தில் ஒரு பொடி அசைந்தாலும் திரும்ப முதலிலிருந்து. டர்பன் ஈரக்காற்றில் என் தூள் அரை மணியில் கட்டிதட்டிவிட்டது.

ஆகஸ்ட் 9

இன்று தென்னாப்பிரிக்காவில் பெண்கள் தின விடுமுறை. கடை மூடியிருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

போட்டோகிராபி எங்கே என்ற கேள்விக்கு என் தொழிலிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு ஒரே ஒரு புத்திதான், எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை மாவைக் காட்டினால் அழுக்காக எடுக்கும், கிராம்புத் தூளைக் காட்டினால் வெளிறிப்போக எடுக்கும். நாலு தூளும் நாலு நிறமாகவே நிற்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைத் தனியாகக் கணக்குப் பண்ண வேண்டும், அதுவும் ஃபிலிமில், அப்புறம் கையால் பிரிண்ட் போட்டு. அந்தப் படங்கள் கையால் பிரிண்ட் போட்ட கலர் படங்கள். இது ஒரு பதில்.

இன்னொரு பதிலைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

நான் விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபோது கையில் ஒரு பழைய நிக்கானும் போட்டோஷாப்பும் இருந்தன. ஊரில் எங்கள் ஸ்டூடியோவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பெண்ணை ரெண்டு நிறம் தூக்கிவிட வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள், தூக்காவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அதையே இங்கேயும் செய்தேன், டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், எங்கும் ஒரு குறையும் வரவில்லை. அப்புறம் ஒரு கல்லூரியில் மாலைநேரப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சான்றிதழ் இருந்தால் பெரிய மண்டபங்களில் வேலை கிடைக்கும் என்று சேர்ந்ததுதான், கலை ஆசையெல்லாம் இல்லை.

அங்கே வாரம் ஒரு தரம் சுவரில் படத்தைக் குத்திவைத்துவிட்டு நிற்க வேண்டும், எல்லாரும் பேசுவார்கள். நான் என் பெருமைக்குரிய படத்தை வைத்தேன். அரக்குப் பட்டு, ஜிமிக்கி, மருதாணிக் கைகள் ரெண்டும் கன்னத்தில், மணப்பெண் சிரிக்கிறாள். சொல்லித்தந்த அம்மா கிட்ட வந்து, மூக்கு படுகிற மாதிரி பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "கை யாருடையது?"

எனக்குப் புரியவில்லை. மணப்பெண்ணுடையதுதான் என்றேன். "முகம் யாருடையது?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். முகத்தைத் தூக்கியிருந்தேன், கழுத்தைத் தூக்கியிருந்தேன், மருதாணி வெளுத்துவிடும் என்று கையை மட்டும் விட்டுவிட்டிருந்தேன். வெள்ளை முகத்தை யாரோ ஒரு கறுத்த பெண் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாக இப்படி எத்தனை பேரை ரெண்டாக வெட்டியிருப்பேன்!

அந்த அம்மா வேறொன்றும் சொல்லவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் ப்ரொஜெக்டரில் சேர்லின் நாலு படத்தையும் போட்டார். நான் அவரைப் பார்த்தது அப்படித்தான், சேர்லிடம் நேரடியாகப் படித்தவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருகிறவர்கள் படம் எடுக்கத் தெரியாதவர்கள் என்று கீழே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இருக்கலாம் அண்ணே. ஆனால் "கை யாருடையது" என்று என்னிடம் அதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 10

டர்பன் விக்டோரியா தெரு சந்தையில் குவித்து வைத்திருக்கும் மசாலாவில் ஒன்றுக்குப் பெயர் 'மாமியார் ஒழிப்பான்'. அதைப் பூசிப் படம் எடுங்கள் என்று பீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா சொல்கிறார். என் அத்தை இதையெல்லாம் படிக்கிறார் அக்கா, நேற்றுதான் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

மொரீஷியசில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "முன்னோர் மொரீஷியஸ், சமையல், மஞ்சள்... அப்படியென்றால் அவர் நம்ம ஆள்தானே?" வேண்டாம் ஐயா. மொரீஷியசிலிருந்து வந்தவரெல்லாம் தமிழர் என்று எங்கே எழுதியிருக்கிறது? யார் பெயர் வாங்கினாலும் 'நம்மவர்' என்று மாலையோடு ஓடுகிற பழக்கத்தை விட வேண்டும். அதுவும் இவர் விஷயத்தில் அது பொருந்தவே பொருந்தாது. யாரை எந்தப் பெட்டியில் போடுவது என்பதுதான் அந்தப் படங்களின் வேலையே.

இங்குள்ள இந்திய வம்சாவளியில் ஒருவர் வேண்டுமானால் ரஞ்சித் காலியைப் பாருங்கள். 1925இல் இசிப்பிங்கோவில் பிறந்தவர், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கேமரா பழகி, 'டிரம்' பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். ஆனால் அது வேறு வகை. அவர் தெருவைப் பார்த்து நின்றார், சேர்ல் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இந்தக் கேள்வியால் வேறொன்று ஞாபகம் வந்தது. என் கணவரின் ஆயா (இங்கே பாட்டியை ஆயா என்பார்கள், வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலமாகிவிட்டாலும் ஆயா, தாத்தா, மஞ்சா, ரசம் மட்டும் போகவில்லை) தன் தாத்தாவின் கப்பல் பதிவை நகல் எடுத்து வைத்திருந்தார். 1860இல் 'ட்ரூரோ' கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம். கடைசியில் ஒரு கட்டம், உடம்பில் உள்ள அடையாளம். ஆயாவின் தாத்தாவுக்கு 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு'. படம் ஒன்றும் கிடையாது. ஒரு மனுஷனைப் பற்றி அந்தக் குடும்பத்திடம் மிஞ்சியிருக்கும் உருவம் அந்தத் தழும்பு மட்டும்தான்.

ஆகஸ்ட் 31

5ஆம் தேதி எழுதியதில் பெரிய தப்பு எது என்று இப்போது சொல்கிறேன். பெருமைக்காகப் பூசிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பெயரையே கவனிக்காமல் எழுதிவிட்டேன். 'கலர் மீ', எனக்கு நிறம் போடு. 1950இன் மக்கள் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் எல்லாரையும் இனவாரியாகப் பெட்டியில் போட்டது. அதில் சேர்லுக்குக் கிடைத்த பெட்டியின் பெயரே 'கலர்ட்'. இந்த நாட்டில் அது எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது வெறும் வசைச்சொல் இல்லை, சட்டப்படி அடையாள அட்டையில் அச்சடித்த சொல். தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தெல்லாம் ஆளைப் பிரித்திருக்கிறார்கள். சட்டம் 1991 வரை இருந்தது. ஆக ஒரே பெண் சிவப்பாக, மஞ்சளாக, பழுப்பாக, வெள்ளையாக, நாலு பெட்டியிலும் கிடக்கிறார். எந்த நிறத்திலும் கண் அதே கண். தூள் மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான், ஊதினால் போய்விடும்.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. அப்போது கறுப்பினத்தவர் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய 'பாஸ்' என்கிற அனுமதிப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் போலராய்டின் ஐடி-2 கேமராவைப் பயன்படுத்தினார்கள். கறுத்த தோல் தெளிவாக விழ ஃப்ளாஷை ஏற்றிக்கொள்ள அதில் ஒரு பொத்தான் இருந்தது. அமெரிக்காவில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கரோலைன் ஹண்டரும் கென் வில்லியம்சும் தங்கள் கம்பெனிப் பொருள் பாஸ் புத்தகங்களுக்குப் பயன்படுவதைக் கண்டுபிடித்து 1970இல் போராட்டம் தொடங்கினார்கள், 1977இல் போலராய்டு இந்த நாட்டை விட்டே வெளியேறியது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் வெளிச்சத்தைக் கூட்டியது ஆளை அடையாளம் பிடிக்க. நான் வெளிச்சத்தைக் கூட்டியது ஆளை அடையாளம் தெரியாமல் பண்ண. பொத்தான் ஒன்றுதான்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? கல்யாண ஆல்பத்தையும் பாஸ் சட்டத்தையும் ஒன்றாகச் சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

செப்டம்பர் 7

'உடம்பைக் காட்டாமல் இதையெல்லாம் சொல்ல முடியாதா' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் நல்லவள் மாதிரி நடிக்கவில்லை. 'ஸ்னோ வைட்' வீடியோவை முதல் தடவை வீட்டில் பார்த்தபோது மாமா காபி டம்ளரோடு உள்ளே வந்தார், மடிக்கணினியைப் படக்கென்று மூடினேன்.

அது 2001இல் வெனிசுக்காகச் செய்தது. ரெண்டு திரை, ஒன்றில் எதிரேயிருந்து, ஒன்றில் நேர் மேலேயிருந்து. இருட்டில் அவர் உடையில்லாமல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலேயிருந்து மாவு விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, தலை, தோள், தொடை எல்லாம் வெளுக்கிறது. அவர் தட்டிவிடவில்லை. அப்புறம் தண்ணீர். அதற்கப்புறம்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தன்னைச் சுற்றிக் கிடக்கும் மாவையெல்லாம் கையால் கூட்டி வழித்து, பிசைய ஆரம்பிக்கிறார். மணிக்கட்டின் அடியால் அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தி. ரொட்டி மாவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை பிசைகிற அதே அழுத்தல். தன்னை வெள்ளையாக்க வந்ததை எடுத்து ரொட்டிக்குப் பிசைகிற ஒருத்தியிடம் போய் உடை எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தையிடம் பிசைகிற இடத்தை மட்டும் காட்டினேன். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டா" என்றார்.

செப்டம்பர் 8

"படுத்திருப்பவர் எப்படிப் பொத்தானை அழுத்துவார், அப்போது எடுத்தது வேறு ஆள்தானே?" நல்ல கேள்வி. அழுத்தியது வேறு கைதான், வேறு எப்படி? அவர் சிற்பம் படித்தவர், 1995இல் முதுகலையும் அதில்தான். உடம்பும் தூளும் அவருக்குக் களிமண், கேமரா சாட்சி. டர்பன் கிரே தெருவில் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் அழுத்துகிறவர் முதலாளி, எப்படி நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் குடும்பத்தார், படம் யாருடையது? இதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. நான் அழுத்திய ஆயிரக்கணக்கான படங்களில் எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஏழெட்டு தேறுமா என்று தெரியவில்லை.

மசாலாவோடு நிற்கவில்லை அவர். கறுப்பு மருதாணியால் உள்ளங்கை, பாதம், முதுகடி என்று கறையாக்கிக் கண்ணாடியில் அழுத்தி எடுத்த 'டிஸ்கலர்ட்' வரிசை இருக்கிறது. அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருக்கும். நம் ஆட்கள் மருதாணி என்றதும் கல்யாணம் என்பார்கள், எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சில வீட்டு மெஹந்தி ராத்திரிகளில் பெண்ணின் முகம் வேறு மாதிரி தெரிகிறது. 2005இல் செய்த வீடியோ ஒன்றில் குடும்பப் படங்களிலிருந்து வெட்டிய சிவப்புக் காகித உருவங்கள் தண்ணீரில் நிற்கும், சாயம் மெல்ல இறங்கி ஓடும். அதைப் பற்றி எழுதினால் ஆயாவிடம் போய்விடுவேன், இன்றைக்குத் தெம்பில்லை.

செப்டம்பர் 24

பாரம்பரிய தின விடுமுறை. அதற்காகப் போன வாரம் மகள் பள்ளியில் எல்லாரையும் 'தங்கள் உடையில்' வரச் சொன்னார்கள். பாவாடை தாவணி கட்டிவிட்டேன். அவள் வகுப்பில் ஒரு சிறுமிக்கு என்ன உடை போடுவது என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லையாம், அப்பா வழி ஒன்று, அம்மா வழி மூன்று. கடைசியில் கால்பந்து அணியின் சட்டை போட்டு அனுப்பினார்கள். சேர்ல் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அக்டோபர் 12

இந்த இழை இன்னும் ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேன். போன வாரம் அந்த மணப்பெண்ணே கடைக்கு வந்தாள், கை யாருடையது என்று கேட்க வைத்தாளே அவள்தான். ரெண்டு பிள்ளைகள், வீடு மாற்றியபோது ஆல்பம் நனைந்துபோனதாம், பெரிய படம் மட்டும் திரும்ப வேண்டும் என்றாள்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டித் தொடாத கோப்பை எடுத்தேன். நிறம் தூக்காமல், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, பட்டின் அரக்கும் அவள் தோலும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கிற மாதிரி பிரிண்ட் போட்டேன். முகமும் கையும் ஒரே ஆளுடையவை. இந்தப் பத்து வருஷத்தில் நான் போட்ட நல்ல பிரிண்டுகளில் ஒன்று என்று கூச்சமில்லாமல் சொல்வேன். பழைய வெளுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

ரெண்டையும் ரொம்ப நேரம் பார்த்தாள். புதியதைக் கையில் எடுத்து, "அம்மா மாதிரியே இருக்கேன்" என்றாள். எனக்குச் சந்தோஷம். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, ஹாலில் மாட்ட மற்றதே போதும் என்றாள். "ஆனா அக்கா, இதில் கை மட்டும் ஏன் இப்படி இருக்கு? அதையும் முகத்துக்கு ஏத்த மாதிரி பண்ணிடுங்களேன்."

மருதாணி போய்விடும் என்றேன். பரவாயில்லையாம்.

சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இன்று வெள்ளி, கோப்பு திரையில் திறந்தே கிடக்கிறது.